வெள்ளை வைனில் சிப்பி: மூல் மரினியேர் வீட்டில் சமைக்க முழுமையான வழிகாட்டி

பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ‘மூல்’ என்ற பெயரில் விற்கும் கருநீலச் சிப்பியை வெண்ணெய், சின்ன வெங்காயம், வெள்ளை வைன், பார்ஸ்லி சேர்த்து ஆவியில் வேகவைப்பதே மூல் மரினியேர். சிப்பி அடுப்பில் நிற்கும் நேரம் ஆறேழு நிமிடத்தைத் தாண்டாது. நன்றாக வருமா வராதா என்பது அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே ஏறக்குறைய முடிவாகிவிடும். அதனால் வாங்குவது, வைப்பது, சுத்தம் செய்வது ஆகியவற்றுக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

பாரிஸ் பக்கம் குடிவந்த நம்மவர்கள் பலர் முதல்முறை இதைச் சமைக்கும்போது அருகில் நின்று பார்த்திருக்கிறேன். மீன்குழம்புக்குப் பழகிய கை சிப்பிக்கும் அதையே செய்யப் போகிறது: மஞ்சளும் உப்பும் போட்டு அலசுவது, தண்ணீரில் ஊறவிடுவது, தொடக்கத்திலேயே உப்புப் போடுவது, நன்றாகக் கொதிக்கவிடுவது. இந்த நான்கையும் தவிர்த்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மூன்று பேர் வயிறாரச் சாப்பிட: சிப்பி 2 கிலோ, உப்பில்லாத வெண்ணெய் 50 கிராம், பிரெஞ்சு எஷாலோட் 3 (இல்லையென்றால் சின்ன வெங்காயம் 10 முதல் 12), பூண்டு 2 பல், புளிப்பான வெள்ளை வைன் 200 மில்லி, பார்ஸ்லி ஒரு கட்டு, தைம் 2 கொப்பு, பே இலை 1, மிளகு. உப்பு இந்தப் பட்டியலில் இல்லை. ஏன் என்று 8-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

1. எந்தச் சிப்பி, எவ்வளவு

எடையில் பெரும்பங்கு ஓடுதான். ஒரு கிலோவில் தேறும் சதை 200 முதல் 250 கிராம். ஆகவே முழுச் சாப்பாடு என்றால் ஆளுக்கு ஏறக்குறைய 700 கிராம் முதல் ஒரு கிலோ வரை வாங்கவேண்டும். முதல் தட்டாக மட்டும் என்றால் 400 முதல் 500 கிராம் போதும். சில பிரெஞ்சுச் சந்தைக் கடைகளில் லிட்டர் கணக்கில் அளந்து கொடுப்பார்கள். ஒரு லிட்டர் ஏறக்குறைய 700, 800 கிராம் வரும்.

பிரான்சில் இருப்பவர்கள் முதல்முறைக்கு ‘மூல் த புஷோ’ வாங்குவது நல்லது. கடல் ஏறி வற்றும் கரையோரத்தில் நட்ட மரக்கம்பங்களில் வளர்வது இது. கடலடியைத் தொடாமல் வளர்வதால் மணல் குறைவு. உருவில் சிறியதானாலும் ஓட்டுக்குள் சதை நிறைந்திருக்கும். மோன் சேன் மிஷேல் விரிகுடாவில் விளையும் புஷோவுக்கு 2011 முதல் ஐரோப்பிய அளவில் பெயர்க் காப்பும் (வேறிடத்துச் சிப்பியை அந்தப் பெயரில் விற்கக்கூடாது) உண்டு.

புஷோவின் நல்ல காலம் ஜூலையில் தொடங்கிக் குளிர்காலம் வரை. வசந்தத்தில் முட்டையிட்டு முடித்த சிப்பி மெலிந்திருக்கும். அந்த மாதங்களில் கயிற்றில் தொங்கி வளரும் அயர்லாந்துச் சிப்பியோ ஸ்பெயினின் கலீசியாச் சிப்பியோ கிடைக்கும். பெல்ஜியத்தில் பெரும்பாலும் நெதர்லாந்தின் சேலாந்துச் சிப்பி. ஓடு பெரிது, வேக ஒரு நிமிடம் கூடுதலாகக் கேட்கும்.

உறைநிலையில் கிடைக்கும் வெந்த சிப்பியை இந்தச் சமையலுக்கு வாங்கவேண்டாம். ஓட்டுக்குள் இருக்கும் கடல்நீரும் சிப்பியின் சாறும்தான் இங்கே குழம்பாகின்றன. வெந்து உறைந்ததில் அது போய்விட்டிருக்கும்.

2. கடையில் பார்க்கவேண்டியவை

சிப்பி உயிருடன் இருக்கவேண்டும். குவியலில் பெரும்பாலானவை இறுக மூடியிருக்கிறதா, ஓடு ஈரமாக மினுங்குகிறதா, கடல் வாசம் வருகிறதா என்று பாருங்கள். பல வாய்பிளந்து கிடந்தாலோ, சற்றே அழுகல் வாடை அடித்தாலோ வேறு ஏதாவது மீன் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். சிப்பி விஷயத்தில் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்பது கிடையாது.

ஐரோப்பாவில் வலைப்பையுடன் ஒரு நலவாழ்வுச் சீட்டு வரும். எந்த இனம், எங்கிருந்து வந்தது, எந்த நாளில் கட்டப்பட்டது என்று அதில் இருக்கும். சில்லறையாக அளந்து கொடுக்கும் கடையிலும் இந்தச் சீட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கட்டிய நாளுக்கு எவ்வளவு அருகில் வாங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது.

கடற்கரைப் பாறைகளில் தானாக வளர்ந்ததைப் பிடுங்கி வந்து சமைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். சிப்பி கடல்நீரை வடித்து உண்பது. சில வகை நுண்பாசிகள் பெருகும் நாட்களில் அவற்றின் நஞ்சு அதன் சதையில் சேரும். வாசனையில் தெரியாது, நிறத்தில் தெரியாது, கொதிக்கவைத்தாலும் போகாது. கேரளத்தின் விழிஞ்ஞத்தில் 1997-இல் சிப்பி சாப்பிட்டுச் சிலர் உயிரிழந்தது இந்த வகை நஞ்சால்தான். வளர்ப்புப் பகுதிகளில் நீரையும் சிப்பியையும் தொடர்ந்து சோதிப்பார்கள். நஞ்சு ஏறினால் அறுவடையை நிறுத்துவார்கள். சீட்டு உள்ள சிப்பியை வாங்கச் சொல்வது இதற்காகவே.

கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்டபிறகே சாப்பிடவேண்டும். இறால், நண்டு ஒவ்வாதவர்களில் சிலருக்குச் சிப்பியும் ஒவ்வாது. விருந்தாளிகளிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

3. வீட்டுக்கு வந்ததும்

பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்திருந்தால் உடனே அவிழ்த்துவிடுங்கள். மூச்சுமுட்டினால் சிப்பி செத்துப்போகும். அகலக் கிண்ணத்தில் கொட்டி, ஈரத்துணியால் மூடி, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைபெட்டியில் வேண்டாம். அடியில் நீர் கசிந்து தேங்கினால் வடித்துவிடவேண்டும்.

புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை இங்கேதான்: சிங்க்கில் தண்ணீர் பிடித்து, மறுநாள்வரை சிப்பியை அதில் போட்டுவைப்பது. இது கடலில் வாழ்வது. குழாய்த் தண்ணீரில் கிடந்தால் சாகும். சாகாதவையும் தம் உப்புச்சாற்றை இழந்து சப்பென்று ஆகும்.

வாங்கிய அன்றே சமைப்பது சிறப்பு. மறுநாளும் பரவாயில்லை. அதற்குமேல் நான் வைப்பதில்லை.

4. வைன்

புளிப்பு வேண்டும், இனிப்பு கூடாது, மரப்பீப்பாய் வாசனை கூடாது. நான்த் நகரைச் சுற்றி விளையும் மஸ்கடே இதற்கென்றே அமைந்தது போல இருக்கும், விலையும் குறைவு. தெற்கே தோ காயலோரத்தில் விளையும் பிக்பூல் த பினே, பர்கண்டியின் அலிகோத்தே, சாதாரண சோவிஞ்யோன் எல்லாம் பொருந்தும். மரப்பீப்பாயில் வைத்த ஷார்தொனேயைத் தவிர்க்கவும். சூட்டில் அந்த மரவாசனை மேலேறிச் சிப்பியின் மெல்லிய இனிப்பை மறைத்துவிடும். இந்தியாவில் சமைப்பவர்கள் நாசிக் பக்கத்து சோவிஞ்யோன் பிளாங்க் எடுக்கலாம்.

2 கிலோவுக்கு 200 மில்லி என்றால் குறைவாகத் தோன்றும். அரைப் புட்டியைக் கவிழ்க்கக் கை போகும். வேண்டாம். திறக்கும்போது சிப்பி தானே நிறையச் சாறு விடும். வைன் மிகுந்தால் அந்தச் சாறு நீர்த்துப் புளிக்கும். மீதியைக் குளிரவைத்துச் சாப்பாட்டுடன் குடியுங்கள்.

கொதித்தால் மதுவெல்லாம் ஆவியாகிவிடும் என்று சொல்வார்கள். சில நிமிடச் சமையலில் அப்படி முழுவதும் போகாது, ஒரு பங்கு தங்கும். மது கலக்காத உணவு வேண்டும் என்பவர்கள் 150 மில்லி தண்ணீரில் அதே முறையில் செய்து, இறுதியில் ஒரு எலுமிச்சையின் சாற்றைப் பாதி பாதியாக ருசிபார்த்துச் சேர்க்கலாம். அது மூல் மரினியேர் ஆகாது, ஆனால் நல்ல சாப்பாடு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் நான் இப்படித்தான் தனியாக ஒரு சட்டி வைப்பேன்.

5. பாத்திரமும் மற்றவையும்

அகலமான, கனமான அடி உள்ள, மூடி சரியாகப் பொருந்தும் பாத்திரம். எவர்சில்வர் அல்லது எனாமல் பூசியது. வெறும் அலுமினியம் வேண்டாம், வைனின் புளிப்பு அதைத் தின்று உலோகச் சுவை ஏற்றும்.

சிப்பியைப் போட்டபின் பாத்திரம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிறையக்கூடாது. திறந்த சிப்பி அதிக இடம் பிடிக்கும். தவிர, குவியல் உயரமாக இருந்தால் மேலே உள்ளவை திறப்பதற்குள் அடியில் உள்ளவை ரப்பராகிவிடும். பாத்திரம் சிறிதாக இருந்தாலோ, அடுப்பின் சக்தி குறைவாக இருந்தாலோ கிலோ கிலோவாக இரண்டு தடவை வேகவையுங்கள். பிரஷர் குக்கரை எடுக்கவேண்டாம். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவும் முடியாது, குலுக்கவும் முடியாது.

பே இலைக்குப் பதில் நம் பிரிஞ்சி இலையைப் போடுவதை அடிக்கடி பார்க்கிறேன். அது வேறு மரம், பட்டை வாசனை அடிக்கும். பே இலை இல்லையென்றால் விட்டுவிடலாம். அதேபோல் பார்ஸ்லிக்குப் பதில் கொத்தமல்லி போட்டால் கொத்தமல்லி மட்டுமே மணக்கும்.

6. சுத்தம் செய்தல்: சமைப்பதற்குச் சற்று முன்பு

இதைக் காலையிலேயே முடித்துவைக்க வேண்டாம். சிப்பியின் ஓரத்தில் வெளியே தொங்கும் நார், அது கம்பத்தைப் பற்றிக்கொள்வதற்காக உடலிலிருந்து விடுவது. அதைப் பிடுங்கியதும் சிப்பி அடிபடும், சில மணியில் சாகும். ஆகவே பிடுங்குவதற்கும் அடுப்பில் ஏற்றுவதற்கும் இடையே அரைமணிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடும் குளிர்ந்த நீரில் ஒவ்வொன்றாகக் கையில் எடுக்கவேண்டும். ஓட்டில் வெள்ளையாக ஒட்டியிருக்கும் கொட்டலசைக் கத்தியின் முதுகால் சுரண்டுங்கள். நாரைக் கட்டைவிரலுக்கும் கத்திக்கும் இடையே பிடித்து, ஓடு இரண்டும் இணையும் கூர்முனைப் பக்கமாக இழுங்கள். எதிர்ப்பக்கம் இழுத்தால் சதையும் சேர்ந்து கிழியும். புஷோவில் நார் சிறிது, பலதில் கண்ணுக்கே தெரியாது. ஆனாலும் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பது வீண்வேலை ஆகாது. அடுத்து வரும் சோதனைகளும் அதே கையில் நடந்துவிடும்.

ஓடு உடைந்தது, நொறுங்கியது: தூக்கிப் போடுங்கள்.

வாய்பிளந்தது: மேசையில் ஒரு தட்டு தட்டி வையுங்கள். உயிர் இருந்தால் மெதுவாக மூடும். குளிர்பெட்டியிலிருந்து வந்தது சோம்பலாக இருக்கும் என்பதால் ஒன்றிரண்டு நிமிடம் பொறுங்கள். பிறகும் மூடவில்லையென்றால் அது செத்தது, வேண்டாம்.

மூடியிருந்தும் கனமாக இருப்பது: இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. செத்த சிப்பியின் இரு ஓடுகளுக்குள் சேறு நிரம்பி, ஒட்டி, உயிருள்ளது போலவே இருக்கும். இரு ஓடுகளையும் விரல்களால் எதிரெதிர்ப் பக்கம் நகர்த்திப் பாருங்கள். உயிருள்ளது அசையாது, சேறு நிறைந்தது வழுக்கிப் பிளக்கும். இப்படி ஒன்று தப்பிப் பாத்திரத்துக்குள் போனால் சாறு முழுவதும் கறுத்து மண்ணாகிவிடும்.

கடலடியில் வளர்ந்தது, மணல் இருக்கும் என்று சந்தேகம் வந்தால் மட்டும், ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் 35 கிராம் உப்புக் கரைத்து அதில் அரைமணி விட்டு எடுத்துவிடுங்கள். அது கடல்நீரின் உப்பளவு, சிப்பி தாங்கும். எடுக்கும்போது கையால் அள்ளுங்கள். பாத்திரத்தோடு கவிழ்த்தால் அடியில் படிந்த மணல் மறுபடி அதன்மேலேயே விழும்.

7. அடுப்பைப் பற்றவைக்கும் முன்

உருளைக்கிழங்கு வறுவல் செய்வதாக இருந்தால் அதை முதலில் முடியுங்கள். உறைந்த வறுவலை ஓவனில் வைத்திருந்தால் அது பொன்னிறமாகி வரும் நேரம்தான் சிப்பி தொடங்கும் நேரம். ரொட்டியை வெட்டி, ஆழமான தட்டுகளைச் சூடாக்கி, வெறும் ஓடுகளுக்கு ஒரு பெரிய கிண்ணம் வைத்து, ஆட்களையும் மேசைக்கு அழைத்துவிடுங்கள். வெந்த சிப்பி காத்திருந்தால் தன் சூட்டிலேயே மேலும் வெந்து சுருங்கும். ஆட்கள் காத்திருக்கலாம், சிப்பி காத்திருக்கக்கூடாது.

எஷாலோட்டையும் பூண்டையும் மிகப் பொடியாக நறுக்குங்கள். பார்ஸ்லியின் தண்டுகளை மட்டும் தனியே நறுக்கி வையுங்கள், அவை முதலில் போகும், இலை கடைசியில்.

8. அடுப்பில்

பாதி வெண்ணெயை நடுத்தரத் தீயில் உருக்கி, எஷாலோட், பூண்டு, பார்ஸ்லித் தண்டு, தைம், பே இலை போட்டு மூன்று நான்கு நிமிடம் வதக்குங்கள். தாளிப்புக்கு வதக்குவது போலச் சிவக்க விடக்கூடாது. கண்ணாடியாக மாறினால் போதும். சிவந்தால் வரும் இனிப்பும் கசப்பும் இந்தச் சாற்றுக்கு ஒத்துவராது.

இப்போது தீயை முழுவதும் ஏற்றி வைனை ஊற்றுங்கள். நன்றாகக் கொதி வந்து ஒரு நிமிடம் பொங்கட்டும். பச்சை மதுவின் காரநெடி அடங்குவது இந்த ஒரு நிமிடத்தில்தான். அதோடு, சிப்பி உள்ளே விழும்போது பாத்திரம் முழுக்க ஆவி தயாராக இருக்கவேண்டும். ஆறிய வைனில் சிப்பியைப் போட்டு ஒன்றாகச் சூடேற்றினால் கீழே உள்ளவை ஊறி, மேலே உள்ளவை பச்சையாகவே இருக்கும்.

சிப்பி அனைத்தையும் ஒரே தடவையில் கொட்டி மூடுங்கள். தீ முழுதாகவே இருக்கட்டும். குறைத்து வேகவைத்தால் பக்குவமாக வரும் என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கே மாறாக நடக்கும்: மெதுவாகச் சூடேறினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் திறக்கும், கடைசிச் சிப்பி திறப்பதற்குள் முதல் சிப்பி சுருங்கிப்போகும்.

இரண்டு நிமிடம் கழித்து, மூடியைத் துணியோடு அழுத்திப் பிடித்து, அடியில் இருப்பவை மேலே வரும்படி பாத்திரத்தைத் தூக்கிக் குலுக்குங்கள். கரண்டியால் கிளறினால் ஓடு உடைந்து சில்லு சாற்றில் விழும். பாத்திரம் கனம் என்றால் இரு பெரிய கரண்டிகளால் அடியிலிருந்து மேலாகப் புரட்டலாம்.

நான்காவது நிமிடத்தில் திறந்து பாருங்கள். பெரும்பாலானவை திறந்திருந்தால் மறுபடி குலுக்கி, மூடி, இன்னும் ஒரு நிமிடம். ஓடு திறந்த கணத்தில் சதை இன்னும் கூழாக, கண்ணாடி போல இருக்கும்; அதனால் திறந்ததுமே எடுத்துவிடக்கூடாது. ஓரம் சுருண்டு, ஒளி ஊடுருவாத நிறம் வந்து, ஆனால் இன்னும் உப்பலாக இருந்தால் பக்குவம். ஓட்டின் ஒரு மூலையில் சிறு உருண்டையாக ஒடுங்கியிருந்தால் கடந்துவிட்டது. மொத்தம் ஐந்து, ஆறு நிமிடம். பெரிய சிப்பிக்கு ஏழு. குமரிக் கடலோரத்திலும் கேரளத்திலும் கிடைக்கும் பச்சைச் சிப்பி பருமனானது, அதற்கும் அந்த ஏழு நிமிடக் கணக்கே பொருந்தும்.

ஜல்லிக்கரண்டியால் சிப்பிகளைச் சூடான பாத்திரத்துக்கு மாற்றி மூடிவையுங்கள். சாறு சற்று நேரம் அசையாமல் நிற்கட்டும். பிறகு அதை மெல்லிய துணி விரித்த வடிகட்டியில் மெதுவாகச் சாய்த்து ஊற்றி, அடியில் கலங்கி நிற்கும் கடைசி இரண்டு மூன்று கரண்டியை விட்டுவிடுங்கள். மணல் இருந்தால் அங்கேதான் இருக்கும். புஷோவாக இருந்து சாறு தெளிவாகத் தெரிந்தால் துணி தேவையில்லை, வதங்கிய எஷாலோட்டோடு அப்படியே ஊற்றலாம். துணியில் வடித்தவர்கள் துணியில் தங்கிய எஷாலோட்டில் மணல் நெருடாத பகுதியைத் திரும்பச் சாற்றில் சேர்க்கலாம்.

இப்போது முதன்முறையாகச் சாற்றை ருசிபாருங்கள். ஒவ்வொரு சிப்பியும் தன் ஓட்டுக்குள் வைத்திருந்த கடல்நீர் முழுதும் இதற்குள் வந்துவிட்டது. பெரும்பாலும் உப்பு சரியாக இருக்கும், சில நேரம் மிகுந்திருக்கும். மிகுந்தால் கொஞ்சம் வெந்நீர் விடுங்கள். சுண்டக் கொதிக்கவிடாதீர்கள், உப்பு இன்னும் ஏறும். மீதி வெண்ணெயைக் குளிர்ந்த துண்டுகளாகப் போட்டு, தீயில்லாமல் பாத்திரத்தைச் சுழற்றிக் கரையுங்கள். சாறு சற்றுத் தடித்து, உப்பும் புளிப்பும் மென்மையாக அடங்கும். மிளகை இடித்துத் தூவி, பார்ஸ்லி இலையைச் சேர்த்து, சிப்பிகள்மேல் ஊற்றுங்கள்.

நோர்மண்டி வழக்கப்படி 100 மில்லி கிரேம் ஃப்ரெஷ் (லேசாகப் புளித்த கெட்டிப் பாலாடை) சேர்ப்பதானால் அதுவும் இந்த இடத்தில்தான். பாலை ஊற்றவேண்டாம், புளிப்பில் திரிந்துவிடும். காரமில்லாமல் இறங்காது என்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: லா ரோஷெல் பக்கத்து ‘மூக்லாட்’ என்ற சிப்பிச் சமையலில் கறித்தூள் போடுவது அந்த ஊர்க்காரர்களுக்கே பழக்கம். அரைத் தேக்கரண்டி கறித்தூளை எஷாலோட்டோடு வதக்கி, இறுதியில் கிரேம் ஃப்ரெஷ் விட்டால் போதும்.

9. திறக்காதவையும் பயமுறுத்துபவையும்

எல்லாம் திறந்தபின் மூடியே கிடக்கும் ஒன்றிரண்டைத் தனியாக மறுபடி ஒரு நிமிடம் ஆவியில் வைத்துப் பார்க்கலாம். அப்போதும் திறக்காவிட்டால் கத்தியால் நெம்பாமல் ஒதுக்கிவிடுங்கள். அது கெட்டதாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை; ஓட்டை மூடிப் பிடிக்கும் தசை சில சிப்பிகளில் விடாமல் இறுகிக்கொள்ளும். ஒரு சிப்பிக்காக யோசித்து நிற்பதைவிட ஒதுக்குவது எளிது. ஆனால் இந்த விதியை மட்டும் கேள்விப்பட்டு, சமைக்கும் முன்பே பிளந்து கிடந்ததைப் பாத்திரத்தில் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். செத்த சிப்பியும் சூட்டில் நன்றாகத்தான் திறந்து நிற்கும். கவனம் முழுவதும் 6-ஆம் பகுதிச் சோதனைகளில் இருக்கவேண்டும்.

சில சிப்பியின் சதை ஆரஞ்சாகவும் சிலது வெளிர்ந்தும் இருக்கும். ஆரஞ்சு பெண், வெளிர்ந்தது ஆண், இரண்டும் நல்லவை. உள்ளே பட்டாணி அளவு நண்டு ஒன்று இருந்தால் அஞ்சவேண்டாம், சிப்பிக்குள் குடியிருக்கும் இனம் அது. நண்டு ஒவ்வாதவர்கள் மட்டும் அந்தச் சிப்பியை விட்டுவிடவும்.

10. சாப்பிடுவதும் மீந்தால் செய்வதும்

முதல் சிப்பியை முள்கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, அதன் வெறும் ஓட்டை இடுக்கி போலப் பிடித்து மற்றவற்றின் சதையைக் கிள்ளி எடுங்கள். சாற்றுக்குச் சூப்புக் கரண்டியும் ரொட்டியும். சோற்றோடும் நன்றாக இருக்கும். ஆனால் சாற்றைச் சோற்றில் குழைக்கும் முன் உப்பு பாருங்கள், பெரும்பாலும் வேறெதுவும் தேவைப்படாது.

மீந்தால் ஓட்டோடு வைக்காதீர்கள். மேசையிலிருந்து எழுந்ததுமே சதையைப் பிரித்து, வடித்த சாற்றிலேயே அமிழ்த்தி, மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள்வரை தாங்கும். மறுநாள் சாற்றை மட்டும் கொதிக்கவைத்து வெந்த ஸ்பகெட்டியை அதில் இரண்டு நிமிடம் புரட்டுங்கள். கொதி நிற்பதற்கு முன் சதையைப் போட்டு, ஆவி பறக்கச் சூடானதும் இறக்கிவிடுங்கள்.